உள்ளான் எல்லாம் ஒன்றோ?

இலக்கியமும் வரலாறும் சமூகச் சீர்திருத்தமும் பேசப்படுதற்குரிய இத்தமிழ்ப் பகுதியில், சேற்றில் மேயும் சிறு பறவைகளைப்பற்றி எழுத யாம் முற்பட்டமை சிலர்க்கு வியப்பளிக்கலாம். எனினும், யாம் செய்த பிழையொன்று எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அப்பிழையை மறைப்பதினும் வெளியிடுதலே பிறர்க்குப் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

எம் ஊராகிய எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்ப்பேட்டையினின்று கள்ளக்குறிச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின்மீது உள்ளது. மேற்கே கல்வராயன் மலை; கடலோ கிழக்கே நெடுந்தொலைவில். ஆயினும் கரைப்பறவைகள் என்று நூல்கள் கூறும் இனங்களைக் காண நாம் கடற்கரைக்குச் செல்ல வேண்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழையால் நிறைந்த ஏரிகள் சிறிது சிறிதாக வற்றி ஓரங்களிற் சேறு தோன்றுங்கால், வட ஆசியாவினின்றும் ஐரோப்பாவினின்றும் வந்த உள்ளான்கள் அங்கே இரை தேடுகின்றன. நடவு வயல்களிலும் அவற்றைக் காணலாம்.

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர் பொங்கலையொட்டி 2015 ஆம் ஆண்டு முதல் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தி வருகின்றனர். அதன்பொருட்டு ஒரு தை மாதக் காலையில் யாமும் நண்பர் இருவரும் ஏரிக்கரைக்குச் சென்றோம். சேற்றில் ஏறக்குறைய நாற்பது பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைக் கைப்பேசியிற் படம் பிடித்தோம். படம் மங்கலாகவே இருந்தது. செயலி ஒரு பெயரைக் கூறிற்று. அப்பெயரையே நாற்பதற்கும் எழுதி அனுப்பிவிட்டோம்.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எம்மை அணுகி, "என்ன எழுதுகிறீர்கள் தம்பி?" என்று வினவினார். கூறினோம். அவர் நகைத்து, "எல்லாம் உள்ளான்தான். ஆனால் எல்லாம் ஒன்றில்லை. அதோ, வாய்க்கால் ஓரத்தில் தனியே நிற்கிறதே, அது கூட்டத்தில் சேராது. மதகுக் கல்லின்மேல் வாலை ஆட்டுகிறதே, அது எழுந்தால் தண்ணீரை ஒட்டியேதான் போகும்" என்றார். யாம் நாணினோம். அவர்க்கு ஒரு பெயரே தெரியும். ஆனால் மூன்று பறவைகளைக் கண்டிருந்தார். எம்மிடம் நூற்பெயர் இருந்தது. யாம் கண்டதோ ஒன்றே.

அப்பெரியவர் காட்டிய வழியே நூல்களும் காட்டும் வழியாம். கூட்டமாக மேய்வது பொறியுள்ளான்; திரிங்கா கிளாரியோலா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். முதுகெங்கும் வெளிர்ப் பொறிகள் நிறைந்திருக்கும். வெண்புருவம் கண்ணைக் கடந்து பின்னும் நீளும். கால்கள் மஞ்சள் சாயலின. தனித்து நிற்பது திரிங்கா ஓக்ரோபஸ். ஈண்டு அதனைக் கருமுதுகுள்ளான் என வழங்குவோம். இதன் வெண்கோடு கண்ணுக்கு முன்னரே முடிந்துவிடும். பறக்குங்கால் இவ்விரண்டிற்கும் வாலடி வெள்ளையே. ஆனால் கருமுதுகுள்ளானின் இறக்கைக் கீழ்ப்புறம் ஏறக்குறையக் கருமையாகவும், பொறியுள்ளானுக்கு அது வெளிறியும் தோன்றும். வாலாட்டுவது ஆக்டிடிஸ் ஹைப்போலியூகோஸ். இதன் வாலடி வெண்மையன்று. இறக்கையில் நீண்ட வெண்பட்டை உண்டு. நிற்கையில் தோளருகே வெண்மை ஆப்புப்போல் மேலேறியிருக்கும். இம்மூன்றும் அளவில் பெரிதும் வேறுபட்டவை அல்ல. ஆதலின் அளவை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். நிற்கும் இடம், நடை, குரல், பறக்கும் முறை ஆகியவற்றை முதலிற் கண்டு, பின்னர் நிறத்தை நோக்குதலே நேரிய முறை.

இனி, எத்துணைக் கூர்ந்து நோக்கினும் தெளியாதனவும் உண்டு. கோரையுள்ளானும் ஊசிவாலுள்ளானும் வயலில் அமர்ந்திருக்கையில், தேர்ந்தவர்க்கும் ஐயம் உண்டாகும். எழுந்து பறக்கும்போது கோரையுள்ளானின் இறக்கைப் பின்னோரத்தில் வெண்விளிம்பு காணப்படும். வாலிறகுகளோ கோரையுள்ளானுக்குப் பெரும்பாலும் 14. ஊசிவாலுள்ளானுக்கு 26 ஐ ஒட்டியிருக்கும். அவற்றுள் ஓரத்தவை ஊசிபோல் மெலிந்தவை. கையிற் பிடித்தோ, விரிந்த வாலைத் தெளிவான படத்திற் கண்டோ அல்லது இவற்றை எண்ணல் இயலாது. அங்ஙனமாயின் என் செய்வது? "உள்ளான், இனம் தெளியவில்லை" என எழுதுவதே அறிவுடைமை. பிழையான சிறப்புப் பெயரினும் உண்மையான பொதுப்பெயர் மேலானது என்பதே எம் கருத்து.

"ஓர் உள்ளானை மற்றோர் உள்ளானாக எழுதினால் உலகம் கவிழ்ந்துவிடுமோ?" என்று நண்பர் சிலர் வினவுவர். கவிழாது, ஆனால் ஓர் இனம் குறைவதை நாம் அறியாமலே இருந்துவிடுவோம். 2024 ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், வலசைவரும் கரைப்பறவைகளுள் 16 இனங்களை முன்னினும் மிக்க ஆபத்துடைய வகுப்பிற்கு மாற்றியது. நம் கோடியக்கரைக்கு வரும் வளைமூக்குள்ளானும் அவற்றுள் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பெயரால் எண்ணுவோர்க்கு இக்குறைவு புலப்படுமோ? ஓரினம் தேய, மற்றோரினம் பெருகினால், கூட்டுத்தொகை மாறாதிருக்குமன்றோ?

மெல்லிய அலகுடைய நூமீனியஸ் தெனுயிரோஸ்திரிஸ் என்னும் பறவையின் கதையையும் நினைவுகூர்தல் வேண்டும். சைபீரியாவிற் கூடு கட்டி, மத்தியதரைக்கடலைச் சூழ்ந்த நாடுகளிற் குளிர்காலம் கழித்த அது, தன்னையொத்த பிற இனங்களோடு கலந்து திரிந்தது. ஐயத்திற்கிடமின்றி இறுதியாக அது காணப்பெற்றது 1995 ஆம் ஆண்டு, மொராக்கோ நாட்டில். 2025 அக்டோபரில் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதனை அழித்தவை வேட்டையும் வாழிட இழப்பும் என்பர். பெயர்ப்பிழை அதனைக் கொல்லவில்லை. ஆயினும் ஒத்த உருவினவற்றிடையே அதனை அடையாளங்காணல் அரிதாயிருந்தமையின், அது தேய்வதை அளந்தறிவதும் அரிதாயிற்று. காக்கும் முயற்சி தொடங்கியபோது காலம் கடந்திருந்தது.

"இது வல்லுநர் செய்யற்பாலது" என்பார்க்கும் விடை கூறுவோம். கோடியக்கரைக்கு வல்லுநர் வருவர். விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி 2021 இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 இல் ராம்சார் தலமாகவும் ஆயிற்று, ஆங்கும் வருவர். எம் ஊர் ஏரிக்கும் உம் ஊர்க் குளத்திற்கும் யார் வருவர்? அவற்றின் கணக்கை நாம் எழுதாவிடின் எழுதுவார் இலர். நாம் பிழைபட எழுதினாலோ திருத்துவாரும் இலர். தூர்ந்துவரும் ஏரி ஒன்றைக் காக்க வேண்டுமென்று நாளை நாம் வாதிடுங்கால், அங்கு எவ்வெப் பறவைகள் எத்துணை வந்தன என்னும் நம் பட்டியலே சான்றாகும். சான்றிற் பொய் கலந்திருந்தால், வழக்கும் தோற்கும்.

செயலியை யாம் வெறுக்கின்றோமல்லேம். அது நல்ல துணை. நல்ல நீதிபதி அன்று. அது கூறும் பெயரை ஏற்குமுன், "காலின் நிறம் கண்டேனா? பறக்கும்போது வாலடி நோக்கினேனா? குரல் கேட்டேனா?" என்று தன்னையே வினவிக்கொள்ளுதல் ஒவ்வொரு மாணவர்க்கும் கடனாம்.

யாம் அன்றிரவே எம் பட்டியலைத் திருத்தியனுப்பினோம். முன்னர் ஒரே பெயர் நின்ற இடத்தில் இப்போது மூன்று பெயர்களும், "இனம் தெளியவில்லை" என்ற வரியும் நிற்கின்றன. அவ்வரியின் கீழுள்ள தொகையே பெரிது. அதனைக் காண யாம் வெட்கப்படவில்லை. வரும் ஆண்டில் அத்தொகை சிறுத்தால் போதும். நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரிக்கு ஒரு குறிப்பேடு வைத்து, விடுமுறை தோறும் ஒரு காலைப்பொழுதேனும் கரையில் அமர்ந்து எழுதிவரக் கோருகின்றோம். செல்லுங்கால் கரையில் மாடு மேய்க்கும் பெரியவர் எவரேனும் இருப்பின், குறிப்பேட்டைத் திறக்குமுன் அவரோடு சிறிது பேசுக.