கல்வராயனின் அடியில் வாழும் உயிர்களையும் கணக்கெடுங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு குன்றை உடைக்க யாராவது அனுமதி கேட்டால், அதன் மேல் நிற்கும் மரங்களைப் பற்றிக் கேள்வி எழுகிறது. பக்கத்துக் குடியிருப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கப்படுகிறது. அந்தப் பாறைக்குள் என்ன வாழ்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்று விதியும் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நிலத்தடி உயிர்களைத் தனியாக ஆராயும்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இந்தக் குறையைக் களையும் வேலை கல்வராயன் மலையில் தொடங்கட்டும் என்கிறோம். மலையிலும் அடிவாரத்திலும் இனி ஒரு பாறை உடைபடும் முன், அதன் குகைகள், பிளவுகள், ஊற்றுகள், கிணறுகள் ஆகியவற்றில் வாழும் உயிர்களின் கணக்கு எடுக்கப்பட வேண்டும்.

கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கம். ஜவ்வாது மலைக்கும் பச்சைமலைக்கும் இடையில், சேர்வராயனுக்குக் கிழக்கே அமைந்திருக்கிறது. கோமுகியும் மணிமுக்தாவும் இதன் சரிவுகளில் பிறந்து சமவெளிக்கு இறங்குகின்றன. இதன் பாறை சார்னோகைட்டும் நைஸும். மேகாலயாவில் இருப்பதுபோல நீர் அரித்துக் குடைந்த சுண்ணாம்புக்கல் குகைகளுக்கான நிலம் இதுவல்ல. அப்படியிருக்க இங்கே குகை உயிரியலுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு அறிவியல் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது.

1980இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிறிஸ்தியான் ஜுபெர்த்தியும் அவருடைய குழுவினரும், சுண்ணாம்புக்கல் இல்லாத மலைச்சரிவுகளில் மண்ணுக்கடியில் கற்குவியல்களுக்கு இடையே உள்ள இடுக்குகளைத் தோண்டிப் பார்த்தார்கள். குகைக்கே உரியவை என்று அதுவரை கருதப்பட்ட பூச்சிகள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தன. குகை என்பது மனிதன் நுழையும் அளவுக்கு அகன்ற ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். சில மில்லிமீட்டர் நீளமுள்ள உயிருக்கு விரல் நுழையாத இடுக்கே போதும். உதிர்ந்த பாறையும் வெடிப்பு விட்ட பாறையும் உள்ள எந்த மலையும் இவற்றுக்கு வீடாகலாம். கல்வராயன் முழுவதுமே அத்தகைய நிலம்.

இந்தத் துறைக்கு அடித்தளமிட்டவர் ருமேனியாவின் எமில் ரகோவிட்சா. 1907இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையே குகை உயிரியலைத் தனி அறிவியலாக நிறுத்தியது. 1920இல் குளூஜ் நகரில் உலகின் முதல் குகை ஆய்வு நிறுவனத்தையும் அவர் தொடங்கினார். இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. 1922இலேயே இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் ஸ்டான்லி கெம்ப், சோப்ரா இருவரும் காரோ மலையின் சிஜு குகைக்குள் இறங்கி, அதன் உயிர்களை வரிசைப்படுத்தினார்கள். நூறாண்டு மரபுள்ள இந்த ஆய்வு தமிழ்நாட்டின் மலைகளுக்கு இன்னும் உரிய அளவில் வந்து சேரவில்லை.

நிலத்தடி உயிர்களுக்குத் தனிக் கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் அவற்றின் வாழ்க்கை முறையே. இருளில் ஒளிச்சேர்க்கை இல்லை. மேலிருந்து வடியும் நீரோடு வரும் சருகுத் துணுக்கும் வவ்வால் எச்சமுமே பெரும்பாலும் உணவு. உணவு குறைவு என்பதால் பல இனங்கள் மெதுவாக வளர்ந்து, குறைவாகவே குஞ்சு பொரிக்கின்றன. பயன்படாத கண்ணும் நிறமும் தலைமுறை தலைமுறையாக மறைந்துவிடுகின்றன. வெயிலில் இறங்கி அடுத்த மலைக்குப் போக இவற்றால் முடியாது. அதனால் ஓர் இனத்தின் முழு உலகமே ஒரு குன்றாகவோ ஒரு நீர்த்தாங்கியாகவோ இருந்துவிடுகிறது. புலிக்கு ஒரு காடு போனால் இன்னொரு காடு இருக்கலாம். இவற்றுக்குக் குன்று போனால் இனமே போகும்.

இது வெறும் ஊகமன்று. இதே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆந்திரத்தில் ஏற்கெனவே சான்று தந்திருக்கிறது. குண்டூரில் உள்ள ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ரங்கா ரெட்டியும் மாணவர்களும் குகைநீரிலும் ஆற்று மணலடி நீரிலும் ஆழ்துளைக் கிணற்றுநீரிலும் வலைபோட்டு, கண்ணில்லாத நுண்ணிய ஓட்டுயிரிகள் பலவற்றை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அவற்றில் ஒன்று போரா குகையின் பெயரையே தாங்கியிருக்கிறது. குத்திகொண்டா குகையில் கிடைத்து 2011இல் விவரிக்கப்பட்ட ஆந்திரகாய்டஸ் என்னும் உயிரியின் நெருங்கிய உறவினங்கள் வாழ்வது மேற்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்த காலத்தின் வாரிசுகள் இவை. தீபகற்பத்தின் பழம்பாறைகளுக்கடியில் இத்தகைய வரலாறு உயிரோடு இருக்கிறது என்றால், அந்தத் தொடரின் தென்பகுதியைப் பார்க்காமலேயே விட்டுவிட என்ன நியாயம்?

கேரளம் இன்னும் நெருக்கமான பாடம். அங்கே செம்புரைக்கல் நிலத்தின் வீட்டுக் கிணறுகளில் வாளியோடு மேலே வந்த, கண்ணில்லாத சிவந்த கெளுத்தியை 1950இலேயே மேனன் என்ற மீனியல் அறிஞர் பதிவு செய்தார். 2018 பெருவெள்ளத்துக்குப் பின் மலப்புறம் மாவட்டத்து வயலில் வெளிப்பட்ட விசித்திர விரால் ஒன்று, அடுத்த இரண்டே ஆண்டில் மீன்களில் ஒரு புதிய குடும்பத்தையே உருவாக்கியது. கேரள மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிணற்றில் விசித்திரமாக எதையாவது கண்டால் தெரிவியுங்கள் என்று ஊர் மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தகவல்களைத் தொடர்ந்துபோய்க் கண்டறிந்த கெளுத்தி இனத்துக்கு, 2023இல் மக்களின் நினைவாகவே பெயர் சூட்டினார்கள். பெருநிதியோ அயல்நாட்டுக் கருவியோ அங்கே முதலில் தேவைப்படவில்லை. கேட்கும் அக்கறையே வழி திறந்தது.

தமிழகத்துக்கும் இதில் பெருமைப்படத்தக்க பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோர் மதுரை வட்டாரத்துக் குகைகளில் பூச்சியுண்ணி வவ்வால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் தனியாக அடைபட்ட வவ்வால், சுற்றியிருந்த கூட்டம் வெளியே கிளம்பும் நேரத்தைக் கொண்டே தன் உடற்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது. 1978இல் வெளியான இந்த முடிவு, உயிர்க்கடிகார ஆய்வில் உலகம் கவனித்த ஒன்று. கண்ணைக் கவரும் குகை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. நம் ஊர்ப்பக்கத்துப் பாறைக்குகைகளே போதுமானவையாக இருந்தன.

கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1948இல் தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த பழந்தின்னி வவ்வால் ஒன்று, வேறொரு சாதாரண இனத்தின் பெயர்ச்சீட்டோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் கிடந்தது. 1972இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்த பிறகே, அது உலகில் வேறெங்கும் பதிவாகாத புதிய பேரினம் என்று தெரிந்தது. இன்று சலீம் அலி பெயரைத் தாங்கி நிற்கும் அந்த வவ்வாலின் வாழிடமும் குகைகளே.

உழவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பது முறையான கேள்வி. கள்ளக்குறிச்சி கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் மண். குகைகளிலும் பழைய கோயில்களிலும் அடையும் துரிஞ்சில்கள் இரவு முழுக்க வயல் மேல் பறந்து பூச்சிகளைத் தின்கின்றன. அமெரிக்க வேளாண்மைக்கு வவ்வால்கள் ஆண்டுக்குக் குறைந்தது 370 கோடி டாலர் மிச்சப்படுத்துவதாக 2011இல் சயின்ஸ் இதழில் மதிப்பிட்டார்கள். பூஞ்சை நோயால் வவ்வால்கள் மடிந்த பகுதிகளில் உழவர்கள் பூச்சிக்கொல்லியைச் சுமார் 31 விழுக்காடு கூட்டித் தெளித்தார்கள் என்றும், அங்கே பச்சிளம் குழந்தைகளின் இறப்பு சுமார் 8 விழுக்காடு உயர்ந்தது என்றும் அதே இதழில் 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டிலோ பழந்தின்னி வவ்வால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தோம். வனஉயிர்ச் சட்டத்தின் அந்த அட்டவணை 2022 திருத்தத்தில்தான் நீங்கியது.

நீர் இன்னும் அடிப்படையான காரணம். கடினப்பாறை நிலத்தில் நிலத்தடி நீர் தங்குவது உளுத்த பாறையடுக்கிலும் பிளவுகளிலும்தான். அங்கே வாழும் பாக்டீரியாக்களும் அவற்றை மேயும் நுண் ஓட்டுயிரிகளும், நீரோடு இறங்கும் கரிமக் கழிவைச் சிதைக்கின்றன. எந்த உயிர் எந்தக் கிணற்றில் இருந்து மறைகிறது என்பதைப் பார்த்தே நீரின் நலிவை முன்கூட்டி உணரலாம். கல்வராயனில் உள்ள வெள்ளிமலைக்கு அப்பால் ஊற்றை நம்பி வாழும் சிற்றூர்களுக்கு இது ஏட்டுப் படிப்பன்று, குடிநீர்ப் பாதுகாப்பு.

மலைமக்களுக்குச் சாலையும் மருத்துவமனையுமே இல்லாதபோது கண்ணில்லாத பூச்சியை எண்ணிக்கொண்டிருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் உள்ள வேதனை உண்மையானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகுதான் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியவை அவர்களுடைய உரிமை. அவற்றில் ஒரு ரூபாயையும் இந்தக் கணக்கெடுப்புக்காகக் குறைக்கக் கூடாது. குறைக்கத் தேவையும் இல்லை. இதற்கு வேண்டியவை நுண்கண் வலை, சருகு வைத்த பொறி, நுண்ணோக்கி, வவ்வால் ஒலியைப் பதியும் கருவி ஆகியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, மலையின் ஒவ்வொரு பாறையையும் ஊற்றையும் அறிந்த மலையாளிப் பழங்குடி மக்களின் துணை வேண்டும். அவர்களில் இளைஞர்களுக்குப் பயிற்சியும் மாத ஊதியமும் தந்து களப்பணியாளர்களாக அமர்த்தினால், மலைக்குள்ளேயே ஒரு வேலைவாய்ப்பும் பிறக்கும். இந்தக் கணக்கெடுப்பைக் காட்டி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்த எந்த உரிமையையும் அவர்களிடமிருந்து பறிக்க முயன்றால், அதை முதலில் எதிர்ப்பது நாமாகவே இருப்போம்.

தொழில் முடங்கும், வருவாய் குறையும் என்ற அச்சத்துக்கும் அனுபவமே விடை. சுரங்க வருவாயில் வாழும் மேற்கு ஆஸ்திரேலியா, 2003 முதலே நிலத்தடி உயிர்களை மதிப்பீட்டில் சேர்க்க வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறது. பில்பாராவின் மெசா ஏ என்ற இரும்புத்தாதுக் குன்றில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள சிலந்தியின உயிர்கள் இருப்பது தெரிந்ததும், 2007இல் அங்கே சுரங்கம் வேண்டாம் என்று மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் பரிந்துரைத்தது. முடிவில் குன்றின் ஒரு பகுதியைத் தொடாமல் விடும் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. தொழிலும் நடந்தது, உயிரும் தப்பியது. பார்க்காமல் உடைத்ததன் விளைவைக் காணக் கோலார் வரை போனால் போதும். 1994இல் விவரிக்கப்பட்ட கோலார் இலைமூக்கு வவ்வால், அனுமனஹள்ளிப் பாறைக்குகையில் இருநூறுக்கும் குறைவான எண்ணிக்கையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சூழ்ந்த பெரிய ஆபத்து கிரானைட் வெட்டுதலே.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. கனிமங்களுக்கான மாவட்ட ஆய்வறிக்கையில் நிலத்தடி வாழிடங்கள் பற்றித் தனி இயல் சேர்க்கப்பட வேண்டும். அதுவரை குகையும் வவ்வால் அடைவிடமும் உள்ள குன்றுகளுக்குப் புதிய குவாரி உரிமம் வழங்கக் கூடாது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊர்தோறும் இருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் கிணறு, ஊற்று, குகை ஆகியவற்றுக்கும் பக்கம் ஒதுக்க வேண்டும். சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், மாவட்டத்து அரசுக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களோடு கைகோத்து மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும். அதியமான் கல்வெட்டுள்ள ஜம்பைக் குகையையும் சமணம் தழைத்த திருநறுங்கொண்டைக் குன்றையும் தொல்லியலாளரோடு உயிரியலாளரும் சென்று பார்க்கட்டும்.

மதுரை அரிட்டாபட்டி 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது, அந்த அறிவிப்பும் ஊரின் உறுதியும் சேர்ந்தே துணைநின்றன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எழுத்தில் இருந்த உயிர்க்கணக்கு அங்கே மக்களின் வாதத்துக்கு வலிமை சேர்த்தது. கல்வராயன் மக்களிடமும் அத்தகைய ஆவணம் இருக்க வேண்டும். அதை ஏலம் வந்த பிறகு அவசரமாகத் தயாரிக்க முடியாது. ஆய்வறிக்கை அடுத்த முறை திருத்தப்படும்போதே அந்த இயல் இடம்பெறுவதை மாவட்ட ஆட்சியரும் மாநிலப் பல்லுயிர் வாரியமும் உறுதிசெய்ய வேண்டும்.