முகாமில் துக்கத்துக்கும் ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

துக்கம் பற்றிய தங்கள் கட்டுரை 'நடந்ததை விடுங்கள், இன்றைக்கு வாழுங்கள்' என்று முடிந்திருந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வந்து அதைச் சொல்லிப் பாருங்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு வீடுகளுக்குள் வந்துவிட்டது.

அந்த வெள்ளத்தில் கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மா எங்கள் தெருவில் இருக்கிறார். மற்ற மாதங்களில் மாடித் தோட்டம், கோயில், பேரப்பிள்ளைகள் என்று நன்றாகவே இருப்பார். ஐப்பசி பிறந்து 'ரெட் அலர்ட்' என்று டிவியில் சொன்னால் போதும். ரேஷன் கார்டையும் கணவர் படத்தையும் பரணில் ஏற்றிவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். 'இன்னுமா மறக்கல?' என்று கேட்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். மறக்காமலே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரே, இன்றைக்கு வாழ்வது வேறென்ன?

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்வையே முடக்கிப்போடும் துக்கத்தைத் தனிப் பாதிப்பாகக் குறிப்பிடுகிறது. அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வருஷா வருஷம் திவசம் கொடுக்கிற நமக்கு அது நியாயமாகப் படுகிறது.

மழைக்கு முன் மோட்டாரும் படகும் தயார் செய்கிறார்கள், சரி. தாம்பரம் மாநகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் ஒவ்வொரு நிவாரண முகாமுக்கும் ஒரு மனநல ஆலோசகரை அனுப்ப வேண்டும். 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416ஐ முகாம் சுவரில் பெரிதாக எழுதிவைக்கவும் வேண்டும்.

– ஒரு வாசகர், முடிச்சூர்