மரிக்கார் எங்கே போனார்?



என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி தொலைக்காட்சித் தொடருக்குக் கதை எழுதினாள். களனி கங்கை கடலில் சேரும் நம்ம ஊர்தான் களம். ஒரே தோட்டத்தில் வாழும் முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள். கதைச்சுருக்கம், பாத்திரங்கள், முதல் அத்தியாயம் எல்லாம் எழுதி, வாப்பாவோடு ஒரு அலைவரிசைக்குப் போனாள். கோப்பைத் திறக்கவே இல்லையாம். “அனுசரணையாளர் இருக்கிறாரா?” இவ்வளவுதான் கேள்வி.

“சனம் இந்தியத் தொடரைத்தானே பார்க்குது” என்பார்கள். இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ கேட்டதும் இதே சனம்தான். அது 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. எஸ். ராம்தாஸ் மரிக்காராக நடித்தார், நம்ம பி. எச். அப்துல் ஹமீத் ஐயராக நடித்தார். ராம்தாஸுக்கு ‘மரிக்கார்’ என்பது பெயராகவே நிலைத்தது. இன்று நேத்ரா, வசந்தம் என்று தமிழுக்கு அரச அலைவரிசைகளே இரண்டு. அந்தப் பேச்சும் சிரிப்பும் எங்கே?

குற்றம் நம்மிலும் உண்டு. நோன்பு நிகழ்ச்சிக்குப் பெயர் போட்டுக் காசு கொடுக்கிற நாம், நாடகம் என்றதும் முகத்தைத் திருப்புகிறோம். பிறகு “நம்மளைத் தப்பாகக் காட்டுறாங்க” என்று குமுறுகிறோம். நம் கதையை நாம் சொல்லாவிட்டால் அடுத்தவர் சொல்லத்தான் செய்வார்.

அலைவரிசைக்காரர்களே, வாசித்துவிட்டு மறுங்கள். வர்த்தகச் சகோதரர்களே, வருஷக் கலண்டர் அடிக்கும் காசில் ஒரு பங்கை மாதிரி அத்தியாயம் ஒன்றுக்குத் தாருங்கள்.

பிள்ளையின் கோப்பு இப்போது என் மேசையில்தான். வாசிக்க விருப்பமானவர் வாருங்கள்.