அடைப்புக் குறிக்குள் ஓர் இளைஞன்



ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்பு முடித்த இளைஞன் ஒருவன் ஒரகடத்துப் பெரிய நிறுவனம் ஒன்றில் நுழைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடுத்துவது நிறுவனத்தின் சீருடை; உழைப்பது நிறுவனத்தின் ஷிப்டில்; அவன் முடுக்கிய திருகாணியோடுதான் வண்டி விற்பனைக்குப் போகிறது. அவன் தொழிலாளியா? "இல்லை, பயில வந்தவன்" என்கிறது நிர்வாகம். சட்டமும் ஆமெனத் தலையாட்டுகிறது!

1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. (உடல்நலம், பாதுகாப்பு, விபத்து இழப்பீடு ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு, மறைப்பானேன்?)

பயிற்சியை நாம் பழிக்கவில்லை. பட்டறையில் படியாத தொழில் பாடநூலில் படியாது. தொழில் கற்றுத் தரும் கடமையை முதலாளிகள்மீது சுமத்தியது அந்தச் சட்டம். அது நல்ல நோக்கமே. ஆனால், ஒரே திருகாணியை ஆறு திங்கள் முடுக்கியவன் ஏழாம் திங்களில் புதிதாகக் கற்பது எதை?

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் 'தொழிலாளி' யார் என்று விளக்கியபோது, அடைப்புக் குறிக்குள் 'பழகுநர் உட்பட' என்றது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் அதே அடைப்புக் குறி உண்டு. உள்ளே இருப்பதோ 'பழகுநர் தவிர' என்பது! உட்பட என்பது தவிர ஆயிற்று. எழுத்துப் பிழையா இது? இல்லை தோழர்களே, எண்ணிப் போட்ட கணக்கு.

கணக்கென்றால் இதையும் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள நிறுவனம், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை அமர்த்த வேண்டும். இரண்டாயிரம் பேர் உள்ள ஆலையில் முந்நூறு பேர்! கூலி இல்லை, உதவித்தொகை. ஆண்டு முடிந்தால் சான்றிதழ். அடுத்த ஆண்டு வேறு முந்நூறு பேர்.

முடித்தவருக்கு வேலை? மற்றத் தகுதிகள் சமமாயிருப்பின் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தருக என்றது உச்சநீதிமன்றம், 1995இல். பணியமர்த்தும் கொள்கையை நிர்வாகமே வகுத்துக்கொள்ளட்டும் என்றது 2014ஆம் ஆண்டுத் திருத்தம். பூனையிடமே பாற்சட்டியை ஒப்படைத்த பெருந்தன்மை!

அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் சங்கத் தோழர்கள் மூன்று பட்டியல்களை மேசைமீது வைக்கச் சொல்லுங்கள்: எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தனர், எத்தனை நாள் பாடம் நடந்தது, எத்தனை பேர் நிரந்தரமாயினர். மூன்றாவது பட்டியலை முதலில் படியுங்கள்.