எல்லா ஈயும் ஒண்ணு இல்லீங்க

"மருந்து அடிக்காத காய் இருந்தா குடுங்க" என்று கேட்கிறவங்களே, பாகற்காயில் ஒரு சின்னக் குத்து இருந்தால் எடுத்த காயைத் திரும்ப வச்சிடறாங்க. இந்த ரெண்டும் ஒண்ணா நடக்காதுங்க.

அந்தக் குத்து பழ ஈ போட்டது. பெண் ஈ பிஞ்சிலேயே குத்தி உள்ளே முட்டை வைக்கும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். காய் கோணும், அழுகும், உதிரும். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூண்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். இது எதிரிதான், நான் மறுக்கல.

ஆனா அதே பந்தலில் இன்னொரு ஈ இருக்கு. வயிற்றில் மஞ்சளும் கருப்புமாகப் பட்டை, பார்த்தால் தேனீ மாதிரி. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சிர்பிட் ஈ என்பார்கள். தேனீக்கு இறக்கை 4, இதுக்கு 2 தான். கொட்டாது, காயையும் தொடாது. பூவில் தேன் குடிக்கும். அசுவினி மொய்க்கிற இடமாகப் பார்த்து முட்டை வைக்கும். காலில்லாத சின்ன அட்டை போல இருக்கும் அதன் புழு ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்னும். கூலி கேட்காத ஆள்.

"ஈயா? இதை அடிங்க" என்று கடையில் ஒரு பாட்டிலை நீட்டுவாங்க. எந்த ஈ என்று கேட்கிறதே இல்ல. பழ ஈயின் புழு காய்க்குள்ள பத்திரமா இருக்கு, கூண்டுப்புழு மண்ணுக்குள்ள இருக்கு. மேலே தெளிக்கிற மருந்தில் முதலில் சாவது இலை மேல் இருக்கிற சிர்பிட் புழு. அது போனா அசுவினி பெருகும், அதுக்கு இன்னொரு மருந்து. வேலியைப் பிடுங்கி எறிஞ்சிட்டு ஆடு விரட்ட ஆள் வைக்கிற கதை.

பழ ஈக்கு வேற வழி இருக்கு. குத்துப்பட்ட காயைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்கணும். கொடிக்கு அடியில் மண்ணைக் கிளறிவிடணும். இனக்கவர்ச்சிப் பொறி கட்டினா ஆண் பழ ஈயாப் பார்த்து இழுக்கும். இத்தனை செஞ்சாலும் சில காயில் குத்து இருக்கத்தான் செய்யும்.

ஒரு குத்துகூட இல்லாம பளபளன்னு வேணும்னு நீங்க கேட்டா, விவசாயி காதில் அது "மருந்து அடி" என்றுதான் விழும். குத்துப்பட்ட இடத்தை வெட்டிப் பாருங்க, நல்லா இருக்கிறதைச் சமைங்க. மாடித்தோட்டம் வச்சிருக்கவங்க ஸ்பிரேயரைத் தூக்குறதுக்கு முன்னாடி இலையைத் திருப்பிப் பாருங்க. அங்க நெளியறது உங்க வேலைக்காரனா இருக்கலாம்.