கம்பத்துக்கு வாடகை உண்டு. கம்பம் நிற்கிற காட்டுக்கு?



நம்ம தோப்பு வழியாகப் போகிற உயர் அழுத்தக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். கரண்டு போகிற கம்பிகளுக்கெல்லாம் மேலே, உச்சியில் தனியாக ஒரு கம்பி போகும். அதில் கரண்டு ஓடாது. இடி விழுந்தால் தாங்கிப் பூமிக்கு இறக்குவதற்காகக் கட்டினது. இடிதாங்கிக் கம்பி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

இன்றைக்குப் பல பாதைகளில் அது வெறும் இடிதாங்கி இல்லை. அதன் வயிற்றுக்குள் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. அதுதான் பைபர் கேபிள், ஒளியிழை. ஒரு துணை மின்நிலையத்தில் பழுது வந்தால் அடுத்த நிலையத்துக்குக் கண் இமைக்கும் நேரத்தில் சேதி போய் பிரேக்கர் விழுவதும், எங்கே எவ்வளவு லோடு என்று சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் கட்டுப்பாட்டு மையங்கள் பார்ப்பதும் இந்த இழைகளின் வழியாகத்தான். அந்த வேலை அவசியமான வேலை. அதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த வேலைக்குச் சில இழைகளே போதும். ஒரே கம்பிக்குள் 24, 48 என்று இழைகள் வைக்கிறார்கள். மிச்ச இழை என்னாகிறது? போன் கம்பெனிக்கும் இன்டர்நெட் கம்பெனிக்கும் வாடகைக்குப் போகிறது. மத்திய அரசின் பவர் கிரிட் நிறுவனம் பல வருடமாக இந்தத் தொழிலைச் செய்து வருகிறது. இதற்கென்றே 2021-இல் பவர்கிரிட் டெலிசர்வீசஸ் என்று தனிக் கம்பெனியே தொடங்கியது. ஆக, நம்ம காட்டில் நிற்கிற கோபுரம் ஒன்று. அதில் நடக்கிற தொழில் இரண்டு. இரண்டிலும் நமக்குப் பங்கு எவ்வளவு? ஒன்றுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மைக் கேட்காமல் நம்ம நிலத்தில் கோபுரம் நடும் அதிகாரம் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவிலிருந்து வருகிறது. வெள்ளைக்காரன் 1885-இல் போட்ட தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை அது மின் நிறுவனங்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. தந்தி சேவை 2013-லேயே நின்றுபோச்சு. 2023-இல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தையே நீக்கியது. ஆனாலும் மின்பாதை போடுவதற்கு மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பாகம் தொடரும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் செத்த சட்டம், விவசாயி தலையில் மட்டும் உயிரோடு இருக்கிறது!

அதே 164-வது பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். மின்பாதை அமைக்கவும், அந்த வேலைகளைச் சரிவர ஒருங்கிணைக்கத் தேவையான தொலைபேசி, தந்தித் தொடர்புக்காகவும்தான் அந்த அதிகாரம். வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பதற்கு என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் கிடையாது.

வாடகைத் தொழிலுக்கு 41-வது பிரிவைக் காட்டுவார்கள். மின்பாதையை வைத்து வேறு தொழில் செய்யலாம், அந்த வருமானத்தில் ஒரு பங்கை மின்கடத்தல் கட்டணத்தைக் குறைக்கப் பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. ஊருக்குள் கரண்டு கொடுக்கும் பகிர்மான நிறுவனத்துக்கும் 51-வது பிரிவில் இதே ஏற்பாடு உண்டு. கம்பெனிக்குப் பங்கு, கட்டணம் கட்டுபவருக்கும் பங்கு. சரி, இடம் கொடுத்தவனுக்கு? அவனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

ஒரு செல்போன் டவரை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம காட்டில் டவர் வைக்க வருகிறவர் அக்ரிமென்ட் போடுகிறார், மாசா மாசம் வாடகை தருகிறார். அதே போன் பேச்சு அதே காட்டின் மேலே மின்கோபுரத்து உச்சிக் கம்பியில் போனால் வாடகை கிடையாது, அக்ரிமென்ட்டும் கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?

ஊருக்குள்ளும் இதே கதைதான். மின்கம்பத்தில் கேபிள் கட்டுகிறவர் கம்பத்துக்கு வாடகை கட்ட வேண்டும் என்பது நடைமுறை. 12,525 ஊராட்சிகளுக்கும் இன்டர்நெட் கொண்டுவரும் தமிழ்நாடு பைபர்நெட் திட்டத்திலும் பெரும்பகுதி கேபிள் மின்கம்பத்து மேலேதான் வருகிறது. வரட்டும். நம்ம பிள்ளைகளும் படிக்கணும், பட்டா சிட்டாவும் ஊரிலேயே எடுக்கணும். ஆனால் வரப்பில் நிற்கிற கம்பத்தில் யார் யாரோ கட்டின கேபிள் இடுப்பு உயரத்துக்குத் தொங்குகிறது. டிராக்டரில் மாட்டி அறுந்தால் நம்மிடம் சண்டைக்கு வருகிறார்கள். அறுக்கும் முன்னே யாருடைய கேபிள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இழப்பு எவ்வளவு?

400 கிலோவோல்ட் பாதைக்கு வழித்தடம் 46 மீட்டர் அகலம். அது உங்கள் தோப்பில் 100 மீட்டர் நீளம் கடந்தாலே 1 ஏக்கர் 13 சென்ட் போச்சு. 25 அடி இடைவெளியில் தென்னை வைத்தால் ஏக்கருக்கு 70 மரம். அப்படியானால் கிட்டத்தட்ட 80 மரம் போகும். அந்த இடத்தில் இனித் தென்னை, மா எதுவும் உயரமாக வளர்க்க முடியாது. மலையடிவாரத்தில் ஏற்கெனவே யானைக்கும் பன்றிக்கும் பாதி கொடுத்துவிட்டு இருக்கிறோம். மீதியையும் கம்பிக்குக் கொடுத்தால் எதை வைத்துப் பிழைப்பது?

மத்திய மின்துறை 2024 ஜூனில் புது வழிகாட்டுதல் வெளியிட்டது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள வழித்தடத்துக்கு 30 சதவீதம். 2015-இல் இது 85, 15 சதவீதமாக இருந்தது. இந்த உயர்வு யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை, விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்து வாங்கினது. ஆனாலும் இது ஒரே தடவை கொடுக்கிற பணம். கோபுரம் நம்ம பேரன் காலத்திலும் நிற்கும். இழை வாடகையும் அதுவரைக்கும் ஓடும்.

"நாட்டு வளர்ச்சிக்கு இடைஞ்சல் பண்ணாதீங்க" என்பார்கள். நாம் கரண்டை மறிக்கவில்லை. லாபம் வருகிற தொழிலில் இடம் கொடுத்தவனுக்கும் கணக்குப் போடு என்கிறோம். "ஒவ்வொரு காட்டுக்கும் எப்படி வாடகை பிரிப்பது?" என்பார்கள். கோபுரம் எந்த சர்வே நம்பரில் நிற்கிறது என்று வரைபடம் அவர்களிடமே இருக்கிறது. மீட்டருக்கு மீட்டர் கேபிள் கணக்கு வைத்திருப்பவருக்கு இது பெரிய காரியமா?

கொங்கு மண்டலத்து விவசாயிகள் 2018 டிசம்பரில் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் பாதையில் கேரளப் பக்கம் ஒரு பகுதி பூமிக்கடியில் போனது, தமிழ்நாட்டுப் பக்கம் வயலில் கோபுரம்தான் வந்தது. அவர்கள் கேட்ட கேள்வி நம்ம கேள்வியும்தான்.

நமது கோரிக்கைகள்:

1. ஒளியிழையை வாடகைக்கு விடும் ஒவ்வொரு பாதையிலும் நில உரிமையாளருக்கு ஆண்டு வாடகை கொடு! பழைய கோபுரங்களுக்கும் சேர்த்துக் கொடு!

2. புதிய பாதைக்கு நோட்டீஸ் கொடுக்கும்போதே, இழை உண்டா, எத்தனை, யாருக்கு வாடகை என்று எழுதிக் கொடு!

3. இழப்பீட்டை வழிகாட்டி மதிப்பில் அல்ல, சந்தை விலையில் கணக்கிடு! மரம், பயிர் இழப்பைக் குத்தகைதாரருக்கும் கொடு!

4. சாலையோரம் பூமிக்கடியில் கொண்டுபோக முடிகிற இடத்தில் கொண்டு போ!

5. தாழ்ந்து தொங்கும் கேபிள்களை உயர்த்திக் கட்டு! யாருடையது என்று அடையாளம் மாட்டு!

நாம் செய்ய வேண்டியது:

யார் வந்து வெற்றுக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். மரத்தை வெட்டும் முன்பே எண்ணி, போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் காட்டு வழியாகப் போகிற பாதையில் இழை உண்டா, வாடகைக்கு விட்டிருக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். இழப்பீடு போதவில்லை என்றால் தந்திச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம். நம்ம மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்கு இரண்டு பேராவது மனுவோடு வாருங்கள். தனியாகப் போனால் ஓரத்தில் நிறுத்துவார்கள். சேர்ந்து போனால் நாற்காலி போடுவார்கள்.

1970-இல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் விவசாயிகள் உயிரையே கொடுத்தார்கள். இன்று நம்ம மோட்டார் இலவசக் கரண்டில் ஓடுவது அந்த வரிசையில் வந்த போராட்டங்களால்தான். கேட்காமல் நமக்கு எதுவும் கிடைத்ததில்லை. இதையும் கேட்போம்.

கோபுரம் நம் மண்ணில்! வாடகையில் நம் பங்கு எங்கே?
ஒன்றுபடுவோம்! உரிமையைப் பெறுவோம்!