பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஜூன் மாதம் பிறந்தாலே சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "பையனை எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?"

"எங்கயும் போடலை, வீட்லயே சொல்லிக் கொடுக்கிறோம்" என்று பதில் வந்தால் அவ்வளவுதான். "அப்படியெல்லாம் பண்ணலாமா? கேஸ் ஆகாதா? நாளைக்கு டென்த் எழுத விடுவாங்களா?" என்று கேள்விகள் வரிசை கட்டி நிற்கும்.

கொரோனா காலத்தில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. அவ்வளவு நாள் பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பெற்றோரில் சிலருக்கு, "இதை நாமே செய்தால் என்ன?" என்ற எண்ணம் வந்தது. ஃபீஸ், வேன் பயணம், ஹோம்வொர்க் சுமை என்று அதற்குக் காரணங்களும் இருக்கின்றன.

சரி, ஹோம்ஸ்கூலிங் எனப்படும் வீட்டுக்கல்விக்கு இங்கே இடம் இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சட்டப்படி குற்றமா?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதன் 10ஆவது பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொல்கிறது.

ஆனால், சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. அதனால் வீட்டில் சொல்லிக் கொடுக்கிற அப்பா அம்மாவை இந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்க வழியில்லை.

அதற்காக "அனுமதி இருக்கு" என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்கல்விக்கு என்று பதிவு முறை, பாடத்திட்டம், மேற்பார்வை எதுவும் சட்டத்தில் கிடையாது. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் இதற்கு அனுமதி உண்டு. ஜெர்மனியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். இந்தியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஏன் தெளிவாக அனுமதி தரவில்லை?

சட்டம் யாரை மனதில் வைத்து வந்தது என்று பார்த்தால் புரியும். தீப்பெட்டி ஆலைக்கோ செங்கல் சூளைக்கோ அனுப்பப்பட்ட பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் குழந்தை ஆகியோருக்காகத்தான் 'கட்டாயம்' என்ற சொல் வந்தது. "வீட்டிலேயே படிக்கிறாள்" என்ற ஒரு வார்த்தை போதும் என்று சட்டம் சொன்னால், அதைப் படித்த பெற்றோர் மட்டும் பயன்படுத்த மாட்டார்கள். பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறவரும் அதையே சொல்வார்.

அதனால்தான் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வருபவர்கள் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம். அவர்கள் மேல் கோபப்பட வேண்டியதில்லை. பிள்ளை என்ன படிக்கிறது என்று நோட்டைக் காட்டி விளக்குவதே நல்லது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2012ல் வந்த திருத்தத்தின்படி, பல்வகை மாற்றுத்திறன் அல்லது கடுமையான மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம். அது அவர்களின் உரிமை.

நாலு குடும்பம் சேர்ந்து நடத்தினால்?

இங்கேதான் கவனம் தேவை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக் கொடுப்பது வேறு, ஒரு இடம் பிடித்து, டீச்சர் வைத்து, பல வீட்டுப் பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்கி முழுநாளும் வகுப்பு எடுப்பது வேறு. அது அங்கீகாரம் இல்லாத பள்ளி என்று கருதப்பட்டால், நடத்துபவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டிவரும்.

டென்த் எப்படி எழுதுவது?

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கும், 15 வயது நிறைந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் பாடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி முடிக்கலாம்.

இரண்டாவது வழி, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம்.

டாக்டர் கனவு இருப்பவர்கள் கவனிக்க: திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்றிருந்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018ல் ரத்து செய்தது. ஆனாலும் இதுபோன்ற விதிகள் மாறக்கூடியவை. எந்தப் படிப்பு, எந்த வேலை என்று முடிவானதும் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது அவசியம்.

மறுபடி ஸ்கூலில் சேர்க்க முடியுமா?

முடியும். பல பெற்றோருக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான். ஆனால், சட்டம் இதில் பிள்ளையின் பக்கம்தான் நிற்கிறது. இதுவரை பள்ளியே போகாத பிள்ளையாக இருந்தாலும், 6 வயதுக்கு மேல் வந்து கேட்டால் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவு. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கத் தேவையான சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று காரணம் காட்டியும் சேர்க்க மறுக்கக் கூடாது.

அப்படியென்றால் இழப்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது எந்த வயதில் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம்.

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி சேரும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6ஆம் வகுப்பிலிருந்துதான் கணக்கு வைக்கின்றன.

அதாவது, ஐந்தாம் வகுப்பு வயது வரை வீட்டில் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் இந்த வாய்ப்புகள் கைவிட்டுப் போகாது. அதைத் தாண்டினால் போய்விடும். அரசுப் பள்ளியை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம், மதிய சத்துணவு, இலவசப் பாடநூல் ஆகியவையும் பள்ளி வழியாகத்தான் வருகின்றன.

வயது வாரியாகப் பார்த்தால்

● 3 முதல் 5 வயது: எல்கேஜி, யுகேஜி எதுவும் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம், ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில்தான் தொடங்குகிறது.

● 6 முதல் 10 வயது: சட்டத்தின் பார்வையில் பள்ளியில் இருக்க வேண்டிய வயது. தண்டனை இல்லை. திரும்பிச் சேர வழி உண்டு.

● 10, 11 வயது: ஆறாம் வகுப்பு. தொடர்வதா, பள்ளிக்கு அனுப்புவதா என்று உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்.

● 14 வயது: பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு எந்த வழி என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன்

சட்டத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது: தினமும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கப் போவது யார்? பெரும்பாலும் அந்தப் பொறுப்பு அம்மா தலையில்தான் விழும். அவர் வேலையை விட வேண்டி வந்தால், மிச்சமாகும் ஸ்கூல் ஃபீஸைவிட இழக்கும் சம்பளம் அதிகமாக இருக்கலாம். வேலையை விடாமல் சமாளித்தால் பாடம் பாதியில் நிற்கும்.

அடுத்து, பிள்ளைக்குக் கூட விளையாட யார்? அபார்ட்மென்ட்டில் தனியாக வளரும் பிள்ளைக்கும், தெரு முழுக்க கூட்டாளிகள் இருக்கும் பிள்ளைக்கும் இது ஒன்றல்ல. பிறப்புச் சான்றிதழ், ஆதார், எழுதிய நோட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுத்து வைப்பதும் பின்னால் உதவும்.

ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளையிடமே கேளுங்கள்: "ஸ்கூலுக்குப் போகணும்னு ஆசையா இருக்கா?" ஆமாம் என்றால், சேர்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு இருக்கிறது. அந்தப் பதிலைக் கேட்கப் பெற்றோர் தயாராக இருந்தாலே போதும்.